பிராந்திய வரலாறு: எமது பிள்ளைகள் கற்கவேண்டியது எதனை?

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்துக்குச் சென்று திரும்பும் பல்லாயிரக்கணக்கான அடியார்களில், அங்குள்ள ஒரு கல்லின் முன்னால் நின்று, அதில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என வினவுவோர் மிகச் சிலராகவே இருப்பர். 1153 முதல் 1186 வரை பொலநறுவையிலிருந்து ஆட்சிசெய்த முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்த ஆணை அது. அதன் முற்பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சிய பகுதியைப் பேராசிரியர் கா. இந்திரபாலா வாசித்து 1963இல் வெளியிட்டார்.

ஆணை கூறுவது இதுதான்: வெளிநாட்டவர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்படவேண்டும். யானைகளையும் குதிரைகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய வர்த்தகப் பொருட்களை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையாகும்.

இதனை எட்டாந்தர வகுப்பொன்றில் ஆசிரியர் ஒருவர் வாசித்துக் காட்டுகின்றார் என வைத்துக்கொள்வோம். விவேகமான மாணவன் உடனடியாகவே கேட்பான்: பொலநறுவை மன்னன் ஏன் தமிழில் ஆணையிட்டான்? அதனை யார் வாசிக்கவேண்டுமென அவன் எதிர்பார்த்தான்? யானையும் குதிரையும் கொண்டுவந்தவனுக்கு மாத்திரம் ஏன் சலுகை? ஊர்காவற்றுறைக்கு உரிய ஆணைக் கல் நயினாதீவில் இருப்பது எவ்வாறு? இந்த வினாக்களில் ஒன்றிரண்டுக்கு உறுதியான விடையுண்டு. மற்றவற்றுக்கு ஊகங்களே உண்டு. எது விடை, எது ஊகம் எனப் பிரித்தறிவதற்கு அந்த மாணவன் கற்றுக்கொள்வானாயின், வரலாற்றுப் பாடத்தின் பாதி நோக்கம் அன்றைய தினமே நிறைவேறிவிட்டதாகக் கொள்ளலாம். அதேவேளை, 'இந்த மண் யாருடையது' என்று மேடைகளில் எழுப்பப்படும் கேள்விக்கு இந்தக் கல் எந்தத் தரப்பும் விரும்புகின்ற பதிலைத் தரவில்லை என்பதையும் நாம் சேர்த்தே குறிப்பிடவேண்டியுள்ளது.

பாடசாலைகளில் பிராந்திய வரலாறு கற்பிக்கப்படவேண்டும் என்ற கோரிக்கை புதியதல்ல. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாற்றையும் புவியியலையும் குடியியலையும் சமூகக்கல்வி என்ற ஒரே பாடத்துக்குள் அடக்கியது. எம்மில் ஐம்பது வயதைக் கடந்த பெரும்பாலானோர் அந்தச் சமூகக்கல்வியைக் கற்று வந்தவர்களே. வரலாறு அங்கு கரைந்துபோயிற்று என்ற குற்றச்சாட்டு நீண்டகாலம் ஒலித்ததன் விளைவாக, 2007இல் ஆரம்பித்த சீர்திருத்தத்துடன் அது மீண்டும் தனிப்பாடமாகி, தரம் 6 முதல் க.பொ.த. சாதாரண தரம் வரை கட்டாயமாக்கப்பட்டது. 2025இல் புதிய கல்விச் சீர்திருத்தங்கள் பற்றிப் பேசப்பட்டபோது வரலாறு கட்டாயப் பாடமாக நீடிக்குமா என்ற சர்ச்சை மீண்டும் எழுந்ததை வாசகர்கள் அறிவர். பாடம் இருக்கவேண்டுமா, இல்லையா என்று விவாதித்தவர்களில் மிகச் சிலரே அந்தப் பாடத்தினுள் எவரது ஊர் இருக்கின்றது, எவரது ஊர் இல்லை என்பதைப் பற்றிப் பேசினர்.

பாடநூலில் வரலாறு தலைநகரங்களின் வழியே நடக்கின்றது. அநுராதபுரம், பொலநறுவை, கோட்டை, கண்டி என அது இடம்பெயரும்போது பிள்ளையின் மனமும் கூடவே இடம்பெயர்கின்றது. ஆரம்ப வகுப்புகளில் தனது வீடு, அயல், கிராமம் என்று சுற்றாடலைக் கற்ற பிள்ளை, ஆறாந்தரத்துக்கு வந்ததும் தான் வாழும் இடத்தை விட்டு வெகுதூரம் அழைத்துச் செல்லப்படுகின்றது. பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. தமிழரினதும் முஸ்லிம்களினதும் கடந்தகாலத்துக்குப் போதிய இடமில்லை என்பது எமது சமூகங்களின் நீண்டநாள் மனக்குறை. அந்த மனக்குறை நியாயமானதே.

எனினும் அதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது பல வேளைகளில் அதே நோயின் இன்னொரு வடிவமாகவே இருக்கின்றது என்பதையும் கூறாமலிருக்க முடியாது. பொலநறுவையின் இடத்தில் நல்லூரை வைத்து, பராக்கிரமபாகுவின் இடத்தில் சங்கிலியனை வைத்து, தேதிகளை மாற்றி மனனம் செய்வித்தால் அது பிராந்திய வரலாறாகிவிடாது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது என்பதைப் பிள்ளை அறியத்தான் வேண்டும். ஆனால் காரைநகரிலோ கிண்ணியாவிலோ வாழும் பிள்ளைக்கு நல்லூர் அரண்மனையும் ஒரு தூரத்துத் தலைநகரமே. தனது ஊரின் குளத்தை யார் கட்டினார்கள், துறைமுகம் ஏன் கைவிடப்பட்டது, சந்தை எந்தக் கிழமையில் ஏன் கூடியது, பாடசாலையை யார் ஆரம்பித்தார்கள், தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பனவே அப்பிள்ளையின் காலடியில் கிடக்கும் வரலாறாகும்.

இதற்குக் கிழக்கு மாகாணத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை வழங்கிவருகின்றது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் கொள்வதில்லை. வீடு மகளுக்குச் சேரும். கோயில் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் இருந்ததைப்போலவே பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர் இருந்தனர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக்கொண்டு பல தசாப்தங்களாக இதனை ஆராய்ந்து 2008இல் பெருநூலொன்றாக வெளியிட்டார். ஆனால் அக்கரைப்பற்றின் ஒன்பதாந்தர மாணவிக்கு அந்த நூல் தேவையில்லை. அவள் தனது தாயிடமும் தாயின் தாயிடமும் குடியின் பெயரைக் கேட்டு எழுதிவந்தால் போதும். அடுத்த தெருவிலுள்ள மற்றச் சமூகத்துப் பாடசாலையின் மாணவி எழுதியதோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்த வகுப்பறையில் நிகழக்கூடியதை எந்த நல்லிணக்கச் செயலமர்வும் நிகழ்த்தியதாக நாம் அறியவில்லை.

இங்கே மூலாதாரங்களைச் சோதிப்பதற்கும் இடமுண்டு. போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேய மதகுருவான குவேறோஸ் எழுதிய நூல் கூறுகின்றது. இந்த எண்ணிக்கை மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அந்தப் பேரை எண்ணியவர் யார்? குவேறோஸ் எழுதியது நிகழ்வுக்கு எத்தனை ஆண்டுகளின் பின்னர்? அவர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவர். முஸ்லிம்களை வெளியேற்றிய தரப்பைச் சேர்ந்தவர் முஸ்லிம்களைப் பற்றி எழுதும்போது எதனைக் கவனித்திருப்பார், எதனைக் கவனிக்காது விட்டிருப்பார்? கிழக்கில் முஸ்லிம்களின் வாழ்வு அந்த ஆண்டிலேதான் ஆரம்பித்தது என்று இதனைக் கொண்டு முடிவுசெய்ய முடியுமா? முடியாது என்பதே சரியான விடை. அது ஏன் முடியாது என்பதை விளக்க ஒரு மாணவனால் இயலுமாயின் அவனுக்கு உயர்ந்த புள்ளி வழங்கலாம்.

எழுத்தில் இல்லாத கதைகளும் உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் இடையிலான போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றார்கள் என்ற மட்டக்களப்புச் செவிவழிக் கதையை ஏறாவூரிலும் சொல்வார்கள், தமிழ்க் கிராமங்களிலும் சொல்வார்கள். ஏறாவூர், சத்துருக்கொண்டான் முதலிய இடப்பெயர்கள் அந்தக் கதையோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. இதனை நடந்த நிகழ்வாகக் கற்பிப்பது தவறு. கட்டுக்கதை என்று தூக்கியெறிவதும் தவறு. இரு சமூகங்கள் தாம் ஒன்றாக வாழ்வதற்கான காரணத்தை எந்தக் கதையின் மூலம் தமக்குத்தாமே விளக்கிக்கொண்டன என்பதற்கு அது நல்லதொரு சான்று. யாழ்ப்பாடியின் கதையையும் திருகோணமலையின் குளக்கோட்டன் கதையையும் இவ்வாறே அணுகுதல் பொருந்தும். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை பதினெட்டாம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்கத் தொகுக்கப்பட்டது என்பதைச் சொல்லிக்கொடுத்தாலே போதும். தனக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தியை அது கூறும்போது எவ்வளவு நிதானத்துடன் வாசிக்கவேண்டும் என்பதை மாணவன் தானாகவே உணர்ந்துகொள்வான்.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடிக்குச் செல்வோம். மறிச்சுக்கட்டி என்ற ஊரை இன்றைய செய்தி வாசகர்கள் வில்பத்து வனப் பிரச்சினையோடு மாத்திரமே தொடர்புபடுத்துவார்கள். 1906இல் முத்துக்குளிப்புக்கான பெருமுகாம் அங்கேதான் அமைந்தது. அப்போது இளம் சிவில் சேவை உத்தியோகத்தராக இருந்து பின்னர் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் அங்கு கடமையாற்றித் தமது சுயசரிதையில் அதுபற்றி எழுதியிருக்கின்றார். பாரசீகக் குடாவிலிருந்து அரபுச் சுழியோடிகள் வந்தனர். இரு கரைகளிலுமிருந்து தமிழரும் முஸ்லிம்களும் வந்தனர். சில வாரங்களுக்கு ஒரு நகரமே மணலில் எழுந்து பின்னர் மறைந்துவிடும். முத்துக்குளிப்பில் சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி'களை ஆங்கிலேய அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவர்கள் இன்றிச் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்தனர்! சற்று வடக்கே அரிப்பில், ஆளுநர் பிரெட்ரிக் நோர்த்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாளிகையின் எச்சங்களைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுவருகின்றது.

அதே மறிச்சுக்கட்டியின் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரோடும் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் அவர்கள் திரும்பிவந்தபோது காடு வளர்ந்திருந்தது. காணி யாருக்குரியது என்ற வழக்கும் கூடவே வளர்ந்திருந்தது. முத்துக்குளிப்பு, வெளியேற்றம், காடு ஆகிய மூன்றும் ஒரே மணற்பரப்பில் நிகழ்ந்தவை. இவற்றில் ஒன்றைக் கற்பித்து மற்ற இரண்டையும் விட்டுவிடும் பாடம் எவ்வகையானது?

இனி, சங்கடமான இடத்துக்கு வந்துவிட்டோம். இதனைத் தவிர்த்துவிட்டுப் பிராந்திய வரலாறு பற்றி எழுதுவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருவை அண்டிய எந்தப் பாடசாலையிலும் சேர்விடாப்பைப் புரட்டினால் 1990ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வெறுமை தென்படும். தமிழீழ விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வழங்கிய அவகாசம் சில மணித்தியாலங்கள் மாத்திரமே. வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் அந்த மாதத்தில் வேரோடு பிடுங்கப்பட்டனர். அதே ஆண்டின் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் கிழக்கில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் தமிழர் கொல்லப்பட்டனர். செவிவழிக் கதையிலே இரு சமூகங்களும் தோளோடு தோள் நின்றதாகக் கூறப்படும் அதே இடப்பெயர்கள்தான் இவை.

இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று பெற்றோர் கேட்பது நியாயமானது. ஆறாந்தரத்தில் படுகொலைகளின் பட்டியலை ஒப்புவிக்கச் செய்வதை நாமும் ஏற்கவில்லை. ஆயினும் பிள்ளைகள் இதனைக் கேள்விப்படாமல் வளர்வதில்லை. வீட்டுத் திண்ணையிலும் இப்போது கைத்தொலைபேசியிலும் கேள்விப்படுகின்றார்கள். தமது பக்கத்தின் இழப்பை மாத்திரமே கேள்விப்படுகின்றார்கள். காத்தான்குடிப் பிள்ளைக்குச் சத்துருக்கொண்டான் தெரியாது. சத்துருக்கொண்டான் பிள்ளைக்குக் காத்தான்குடியில் நடந்தது தெரிந்தாலும் அது அவர்களுடைய கதை. ஆறாம், ஏழாம் தரங்களில் குளத்தையும் துறையையும் குடியையும் ஆதாரத்தோடு ஆராயப் பழகிய மாணவன் ஒன்பதாந்தரத்தில் 1990ஐப் பற்றி வாசிப்பதற்கும், எந்தப் பழக்கமுமின்றி அதனை ஒரு தலைவரின் உரையில் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. படிமுறையாகச் செல்லவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

படிமுறையின் முதற்படியில் மனிதர்களை வைக்கலாம். ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிமாகத் திகழ்ந்தவர். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியபோது, அயலூரான காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு இருவரின் பணிகளையும் ஆராய்வோர் தவறாது குறிப்பிடும் ஒன்று. வண்ணார்பண்ணையில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமது ஊரவராக அஸீஸை அறிவார்கள்?

மலையகத்தையும் ஒரு வார்த்தை குறிப்பிடவேண்டும். தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை கால்நடையாகச் சென்றவர்களின் பாதையை 2023இல் மலையக மக்கள் மீண்டும் நடந்து நினைவுகூர்ந்தனர். மன்னார் மாணவனுக்கும் மாத்தளை மாணவனுக்கும் பொதுவான பாடம் அந்தப் பாதையில் இருக்கின்றது. தோட்டங்களுக்கு ஆவணங்களில் ஒரு பெயரும் தொழிலாளரின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருப்பதை மாத்திரம் தொகுத்தாலே ஒரு தவணைக்கான செயற்றிட்டம் ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் கற்பிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கூறுவோர் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் கல்வி பற்றிய பின்னிணைப்பை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. தேசிய கல்வி நிறுவகத்தின் அங்கீகாரத்துடன் ஆரம்பப் பாடவிதானத்திலும், இடைநிலைப் பாடவிதானத்தின் தெரிவுசெய்யப்பட்ட பாடப்பரப்புகளிலும் பிரதேசத்துக்குரிய மாற்றங்களைச் செய்துகொள்ள மாகாணங்களுக்கு அதில் இடமளிக்கப்பட்டுள்ளது. காணி, பொலிஸ் அதிகாரங்களைப் பற்றி எமது பிரதிநிதிகள் பேசிய அளவில் நூறில் ஒரு பங்குகூட இதனைப் பற்றிப் பேசவில்லை. கிழக்கு மாகாண சபை 2017இலும் வட மாகாண சபை 2018இலும் பதவிக்காலம் முடிந்து கலைந்தன. அவை இயங்கிய காலத்தில் இந்த வாசலை அகலத் திறந்திருக்கலாம். 2020இல் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை என்று நாம் அனைவரும் கண்டனம் தெரிவித்தோம். கண்டனம் சரியானதே. ஆனால் எமது மாகாணத்தின் கல்லையும் ஓட்டையும் பார்த்துப் பேசக்கூடிய தலைமுறையொன்றை உருவாக்க எமது கையில் இருந்த அதிகாரத்தை நாம் எவ்வாறு பயன்படுத்தினோம் என்ற கேள்வியும் கூடவே நிற்கின்றது.

நடைமுறைச் சிக்கல்களை நாம் அறியாதவர்களல்லர். பரீட்சைக்கு வராத எதனையும் பெற்றோர் விரும்புவதில்லை. வேறு மாவட்டத்திலிருந்து இடமாற்றம் பெற்றுவந்த ஆசிரியருக்கு ஊரின் குளத்தைத் தெரியாது. சுற்றுலா என்றால் அனுமதி, பேருந்து, செலவு. எனினும் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஒன்று இருக்கின்றது. அதற்காக இணையத்தில் படங்களை அச்சிட்டு ஒட்டிய ஒப்படைகளே ஆண்டுதோறும் குவிகின்றன. அதற்குப் பதிலாக, ஊரின் மூத்தவர் ஒருவரைச் செவ்விகண்டு எழுதும் ஓர் ஒப்படையைக் கோரலாம். ஊர் தெரியாத ஆசிரியர் மாணவரோடு சேர்ந்து கேட்டறிவதில் குறைவொன்றுமில்லை. 2005இல் ஆரம்பித்த நூலகம் எண்ணிம நூலகத்தில் பாடசாலை மலர்களும் ஊர் வரலாற்று நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களையும் சுவடிகளையும் அவை ஈடுசெய்யமாட்டா. ஆனால் ஒன்பதாந்தர மாணவன் தொடங்குவதற்கு அவை போதும்.

அவசரம் வேறோரிடத்தில் இருக்கின்றது. 1990இல் நாற்பது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். சோனகத் தெருவின் பழைய கடைகளை வரிசையாகச் சொல்லக்கூடியவர்களில் பலர் புத்தளத்திலேயே கண்மூடிவிட்டார்கள். அதிபர்களின் அலுமாரிகளில் இருக்கும் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்களையும் சேர்விடாப்புகளையும் கறையான் அரிக்கின்றது. பல பாடசாலைகளில் இடப்பெயர்வோடு அவை தொலைந்தும் விட்டன. எஞ்சியவற்றைக் கைத்தொலைபேசியிலாவது படம்பிடித்து வைக்குமாறு வலயக் கல்விப் பணிப்பாளர்கள் அடுத்த தவணைக்கு முன்னர் அறிவுறுத்தலாம். இதற்கு அமைச்சரவைப் பத்திரமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை; ஒரு பக்கச் சுற்றுநிருபம் போதும்.